32 ரூபாய் வறுமைக்கோடு: அந்தச் சண்டையில் உண்மையில் நடந்தது என்ன

2011 செப்டம்பர் 20 அன்று மத்திய திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் ஒருவர் மாதம் 965 ரூபாய்க்கு மேல் செலவு செய்தால் அவர் ஏழை இல்லை, கிராமத்தில் என்றால் 781 ரூபாய். 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 32, 26. அவ்வளவுதான், நாடே பற்றிக்கொண்டது. டிவி விவாதம், கார்ட்டூன், டீக்கடை எல்லா இடத்திலும் அந்த 32-தான் பேச்சு. திட்டக்குழுவின் துணைத்தலைவர் மாண்டேக் சிங் அலுவாலியாவும் உறுப்பினர்களும் 32 ரூபாயில் வாழ்ந்து காட்டட்டும் என்று உணவு உரிமை இயக்கத்தினர் சவால் விட்டார்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்த 32 எங்கிருந்து வந்தது, நீதிமன்றம் அதை எதற்காகக் கேட்டது, அப்புறம் என்ன ஆனது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோடு தாழ்வாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் ஏழை என்று தோராயமாக எண்ணுவதற்குச் செய்த ஒரு கணக்கை எடுத்து, எத்தனை குடும்பத்துக்கு மலிவு அரிசி தரலாம் என்பதற்கு உச்சவரம்பாக வைத்துவிட்டார்கள். கோபம் முழுவதும் முதல் விஷயத்தின் மேலேயே கொட்டித் தீர்ந்தது, இரண்டாவது விஷயம் வேறு உருவத்தில் இன்றும் இருக்கிறது.

வழக்கு

2001-ல் ராஜஸ்தானில் கடும் வறட்சி, பட்டினி. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளிலோ தானியம் வைக்க இடமில்லாமல் மூட்டைகள் வெளியே கிடந்தன. இதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பியூசிஎல், உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உணவு உரிமை வழக்கு என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்று 2001 நவம்பர் 28-ல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போனதும் இதே வழக்கில்தான். வருடக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு திட்டமாக நீதிமன்றம் கையில் எடுத்தது, கடைசியில் ரேஷன் கார்டு எண்ணிக்கையில் வந்து நின்றது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1997 ஜூனுக்கு முன் ரேஷன் கடை பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. அந்த ஆண்டு மத்திய அரசு அதை இரண்டாகப் பிரித்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு வேறு விலை. அப்படியென்றால் கீழே எத்தனை பேர்? 1993-94 கணக்குப்படி சுமார் 36 சதவீதம். அந்தச் சதவீதத்தை 2000-ஆம் ஆண்டின் உத்தேச மக்கள்தொகையோடு பெருக்கி 6.52 கோடி குடும்பங்கள் என்று முடிவு கட்டினார்கள். மாநிலம் எத்தனை கார்டு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், ஆனால் பிபிஎல் விலையில், அதாவது கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான விலையில், தானியம் இந்த எண்ணிக்கைக்குத்தான் வரும்.

சரி, அந்த 6.52 கோடிக்குள் யார் யார்? அதைக் கண்டுபிடிக்க 2002-ல் கிராமங்களில் ஒரு பிபிஎல் கணக்கெடுப்பு நடந்தது. 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. நிலம் எவ்வளவு, வீடு எப்படி, வீட்டில் ஆளுக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது, கடன் யாரிடம் வாங்கியது, பிழைப்புக்கு வெளியூர் போனால் எதற்காகப் போகிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே ஏழை என்று முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்துவிட்டு எண்ணினார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. எண்ணி முடித்த பிறகு, மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட உச்சவரம்புக்குள் அடங்கும்படி வெட்டு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டார்கள். ஆக, ஒரு குடும்பம் ஏழையா என்பது அந்தக் குடும்பத்தின் நிலைமையை மட்டும் பொறுத்ததாக இல்லை, டெல்லியிலிருந்து வந்த ஒரு எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. ஏழைகளில் ஏராளமானோருக்குக் கார்டு இல்லை, கார்டு வைத்திருப்பவர்களில் பலர் ஏழை இல்லை என்று 2009-ல் என்.சி. சக்சேனா தலைமையிலான குழு சொன்னபோது, களத்தில் வேலை செய்த யாருக்கும் அது செய்தியாகவே இல்லை.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த வலி அவ்வளவாகப் புரியாது, அதற்குக் காரணம் இருக்கிறது. 1997-ல் மத்திய அரசு பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி என்ற ஏற்பாடு தொடர்ந்தது, 2011 ஜூனிலிருந்து அது இலவசமாகவும் ஆனது. அதனால் 32 ரூபாய்ச் சண்டை நமக்கு ஒரு டிவி வேடிக்கை. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் அது வீட்டுக்கு அரிசி வருமா வராதா என்ற கேள்வி.

2011 மே மாதம் நீதிபதிகள் தல்வீர் பண்டாரியும் தீபக் வர்மாவும் திட்டக்குழுவிடம் கேட்டது இதைத்தான். ஏன் 36 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? 2004-05 விலையில் நகரத்துக்கு நாளைக்கு சுமார் 20 ரூபாய், கிராமத்துக்கு 15 என்று ஒரு கோட்டை வைத்துக்கொண்டு 2011-ல் எப்படிக் கார்டு கொடுக்கிறீர்கள்? இன்றைய விலைவாசிக்குத் திருத்தி வாருங்கள். திட்டக்குழு திருத்தி எடுத்துக்கொண்டு போனது. 20 என்பது 32 ஆயிற்று, 15 என்பது 26 ஆயிற்று. கேள்வி கோட்டின் பயனைப் பற்றியது, பதில் பழைய எண்ணைப் புது விலைக்கு ஏற்றியது.

32 வந்த வழி

இந்தியாவில் வறுமைக்கோடு போடும் பழக்கம் பழசு. 19-ஆம் நூற்றாண்டில் தாதாபாய் நௌரோஜி 1867-68 விலையில் ஒருவர் உயிர் வாழ ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வேண்டும் என்று கணக்குப் போட்டார். அடிப்படை என்ன தெரியுமா? வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட கூலிகளுக்குப் பயணத்தின்போது தர வேண்டும் என்று அரசே வகுத்திருந்த உணவு அளவு. கப்பலில் சும்மா உட்கார்ந்திருக்கிற கூலிக்குக் கொடுப்பதுகூட உழைக்கிற இந்தியனுக்குக் கிடைக்கவில்லை என்பது அவர் வாதம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962-ல் ஒரு பணிக்குழு 1960-61 விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்றது. அதில் மருத்துவமும் படிப்பும் சேரவில்லை. அவை இரண்டும் அரசு தரும் என்ற நம்பிக்கை. இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் குழப்பங்களில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து 1979-ல் ஒய்.கே. அலக் தலைமையிலான குழு கலோரியைக் கொண்டுவந்தது. கிராமத்தில் நாளொன்றுக்கு 2,400, நகரத்தில் 2,100. அவ்வளவு கலோரி சாப்பிடும் குடும்பங்கள் 1973-74-ல் மொத்தமாக எவ்வளவு செலவு செய்தன என்று மாதிரி ஆய்வில் பார்த்தார்கள். கிராமத்தில் மாதம் 49.09 ரூபாய், நகரத்தில் 56.64. கலோரிக்கும் கோட்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது அந்த ஒரு ஆண்டில் மட்டும்தான். அதற்குப் பிறகு யாரும் கலோரியைத் திரும்ப அளந்து கோட்டைப் போடவில்லை, விலைவாசிக் குறியீட்டால் பெருக்கிக்கொண்டே போனார்கள். 1993-ல் லக்டாவாலா குழு மாநிலத்துக்கு ஒரு கோடு என்று பிரித்தது, ஆனால் அடியில் இருந்த கூடை, அதாவது எந்தப் பொருளை எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற பட்டியல், அதே 1973-74 கூடைதான்.

விலையை மட்டும் திருத்தினால் என்ன தப்பு என்று கேட்கலாம். 1973-ல் விறகு காட்டிலிருந்து வந்தது, 2005-ல் கடையிலிருந்து வருகிறது. அப்போது பிள்ளை பள்ளிக்கே போகவில்லை, இப்போது போகிறது, நோட்டு, சீருடை, ஆட்டோ எல்லாம் செலவு. ஜுரம் என்றால் தனியார் டாக்டர், வேலைக்குப் போக பஸ். விலைவாசிக் குறியீடு ஒரே பொருளின் விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லும், முன்பு காசு கொடுக்காமல் கிடைத்ததை இப்போது காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது அதற்குத் தெரியாது. அரசு தரும் என்று 1962-ல் விட்டுவைத்த படிப்பும் மருத்துவமும் குடும்பத்தின் தலையில் விழுந்தன, அவற்றுக்குப் போன காசு சாப்பாட்டிலிருந்துதான் போனது. அதனால் கோட்டின் மேல் நிற்கும் ஒருவர் சாப்பிடும் கலோரி ஒவ்வொரு ஆய்விலும் குறைந்துகொண்டே வந்தது. 2004-05 வாக்கில் அது 2,400-க்குப் பக்கத்தில்கூட இல்லை. உத்சா பட்நாயக் போன்ற பொருளாதார அறிஞர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள்.

இடையில் 1999-2000 நுகர்வுச் செலவு ஆய்வில் இன்னொரு கூத்து. சாப்பாட்டுச் செலவைப் பற்றி ஒரே குடும்பத்திடம் கடந்த 7 நாளுக்கும் கேட்டார்கள், கடந்த 30 நாளுக்கும் கேட்டார்கள். முதல் பதில் இரண்டாவது பதிலை இழுத்துவிட்டது. வறுமை 36-லிருந்து 26 சதவீதமாக இறங்கியதாக வந்தது. நிஜமாக எவ்வளவு இறங்கியது, கேள்வி கேட்ட விதத்தால் எவ்வளவு இறங்கியது என்று வருடக்கணக்கில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2005-ல் சுரேஷ் டெண்டுல்கர் குழு வந்தது, 2009-ல் அறிக்கை கொடுத்தது. அது கலோரியைக் கைவிட்டது. அதற்குப் பதில் எதைப் பிடித்தது என்றால், பழைய முறைப்படி 2004-05-ல் நகர்ப்புற வறுமை 25.7 சதவீதம் என்று வந்திருந்தது, அதை அப்படியே சரி என்று எடுத்துக்கொண்டது. நகரத்தில் அடியில் இருக்கிற 25.7 சதவீதத்தின் விளிம்பில் இருப்பவர் என்ன செலவு செய்கிறார்? மாதம் 578.80 ரூபாய். அந்தக் கூடையை மற்ற எல்லா இடத்திலும் அந்தந்த ஊர் விலையில் போட்டால் கிராமத்துக்கு 446.68 வந்தது. அதாவது கோட்டை வைத்து ஏழைகளை எண்ணுவதற்குப் பதில், நகரத்தைப் பொறுத்தவரை ஏழைகளின் சதவீதத்தை முதலில் வைத்துக்கொண்டு கோட்டைக் கண்டுபிடித்தார்கள். அந்த 25.7-க்கு அடிப்படை என்ன? அதே 1973-74 கூடைதான்.

ஆனால் டெண்டுல்கர் மேல் விழுந்த பழியில் ஒரு அநியாயம் உண்டு. பழைய கோடு கிராமத்துக்கு 356 ரூபாய்தான், அவர் 447 ஆக்கினார். கிராம வறுமை 28.3-லிருந்து 41.8 சதவீதமாக ஏறியது. நாடு முழுக்க ஏழைகளின் எண்ணிக்கை 30 கோடியிலிருந்து 40 கோடிக்கு மேல் போனது. பத்து கோடிப் பேரைப் புதிதாக ஏழைப் பட்டியலில் சேர்த்த குழுதான் ஏழைகளை மறைத்த குழு என்று பெயர் வாங்கியது. பதில் சொல்ல அவர் இல்லை. பிரமாணப் பத்திரம் தாக்கலாவதற்கு மூன்று மாதம் முன்பு, 2011 ஜூனில் இறந்துவிட்டார்.

போதும் என்று சொன்னதுதான் வினை

செய்தித்தாள்கள் அந்த 32 ரூபாயைப் பிரித்துப் போட்டன. தானியத்துக்கு நாளைக்கு 5.50, பருப்புக்கு 1.02, பாலுக்கு 2.33. மருத்துவத்துக்கு மாதம் 39.70. வீட்டு வாடகையும் போக்குவரத்தும் சேர்த்து மாதம் 49.10. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் யாருக்குமே சிரிப்பு வரும், இல்லையென்றால் கோபம் வரும். 49 ரூபாய்க்கு எந்த ஊரில் வீடு?

எந்த ஊரிலும் இல்லை, அப்படி யாரும் சொல்லவும் இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் உண்மையில் செய்த செலவின் சராசரி அது. அவர்களில் பெரும்பாலோர் சொந்தக் குடிசையிலோ புறம்போக்கிலோ இருப்பவர்கள், வாடகை பூஜ்யம். இந்த ஆய்வு சொந்த வீட்டுக்கு வாடகை மதிப்புப் போடுவதில்லை. பூஜ்யங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் 49 ரூபாய்தான் வரும். ஏழைகள் இவ்வளவுதான் செலவு செய்கிறார்கள் என்ற தகவலாக மட்டும் இதைக் கொடுத்திருந்தால் பெரிய பிரச்சினை வந்திருக்காது.

ஆனால் பிரமாணப் பத்திரம் டெண்டுல்கர் அறிக்கையை அடியொற்றி, கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உணவு, கல்வி, மருத்துவத்துக்குச் செய்யும் செலவு போதுமானது என்றும் சேர்த்துச் சொன்னது. ஒருவர் என்ன செலவு செய்கிறார் என்பதும், அது போதுமா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு வந்த விடையை இரண்டாவதற்கும் எழுதிவிட்டார்கள். சரிபார்க்காமல் சொன்னார்கள் என்றும் சொல்ல முடியாது, ஒரு சரிபார்ப்பு இருந்தது. நகரத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் 1,776 கலோரி சாப்பிடுகிறார், ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு இந்தியாவுக்கு வைத்த அளவு 1,770, ஆகவே சரி. அந்த 1,770 லேசான உடலுழைப்புக்குப் போட்ட குறைந்தபட்சக் கணக்கு. சித்தாள் வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிறவரைத்தான் இந்தக் கோட்டில் பெரும்பாலும் பார்ப்பீர்கள். நௌரோஜி கப்பல் கூலியின் சாப்பாட்டை வைத்து வெள்ளைக்காரனை மடக்கினார், நம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறவன் கலோரியை வைத்துத் தங்களுக்கே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்கள்.

திட்டக்குழுவின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு நாளுக்கு என்று பார்க்காதீர்கள், ஐந்து பேர் குடும்பத்துக்கு நகரத்தில் மாதம் 4,824, கிராமத்தில் 3,905 என்று பாருங்கள் என்றார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கூலி 119 ரூபாய். அந்தக் கூலியில் ஒருவருக்கு மாதம் 26 நாள் வேலை கிடைத்தால் 3,094 வரும். ஆக, கூலி வேலைக்கு ஒருவர் மட்டும் போகும் ஐந்து பேர் குடும்பம் கோட்டுக்குக் கீழே, இரண்டு பேர் ஒழுங்காகப் போனால் மேலே. இப்படிப் பார்த்தால் 32 ஏதோ பைத்தியக்கார எண் இல்லை, கூலி உழைப்பின் அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிற எண். அதற்கு மேலே ஓரடி வைத்தவரை ஏழை இல்லை என்று சொல்லி ரேஷனிலிருந்து வெளியே தள்ளுவதுதான் பைத்தியக்காரத்தனம். நாட்டில் பெருங்கூட்டம் கோட்டுக்கு ஐம்பது நூறு ரூபாய் மேலேயும் கீழேயுமாகவே இருக்கிறது. ஒருவர் படுத்தால் குடும்பம் கீழே போகும், அறுவடை நன்றாக இருந்தால் மேலே வரும்.

அப்புறம்

சண்டை தொடங்கி இரண்டு வாரத்தில், அக்டோபர் 3 அன்று, மாண்டேக்கும் அப்போதைய ஊரக வளர்ச்சி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். திட்டக்குழுவின் வறுமைக் கணக்கை வைத்து இனி அரசுத் திட்டங்களில் பயனாளி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட மாட்டோம் என்றது அந்த அறிக்கை. என்னைக் கேட்டால் இந்த விவகாரம் முழுவதிலும் ஏழைகளுக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். 32-க்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குச் செய்திகளில் கிடைக்கவில்லை.

2012 மார்ச்சில் மறுபடியும் வெடித்தது. 2009-10 கணக்கை வெளியிட்டார்கள்: நகரம் 28.65, கிராமம் 22.42. 32 ரூபாயை 28 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்று எல்லாப் பக்கமும் கூச்சல். உண்மையில் யாரும் குறைக்கவில்லை, அது 2009-10 விலை, முன்னது 2011 நடுப்பகுதி விலை. இந்த வித்தியாசம் யாரிடமும் எடுபடவில்லை, சி. ரங்கராஜன் தலைமையில் இன்னொரு குழு போட்டு அரசு தப்பித்தது.

2013 ஜூலையில் 2011-12 கணக்கு வந்தது. நகரம் 33, கிராமம் 27, வறுமை 21.9 சதவீதம். தமிழ்நாட்டுக்கு மட்டும் பார்த்தால் 11.28. இந்த முறை காங்கிரஸ்காரர்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள். மும்பையில் 12 ரூபாய்க்கு முழுச் சாப்பாடு கிடைக்கும் என்றார் ராஜ் பப்பர். டெல்லியில் 5 ரூபாய் போதும் என்றார் ரஷீத் மசூத். ஒரு ரூபாய்க்கே வயிறு நிறையும் என்று கூட்டணிக் கட்சியின் ஃபரூக் அப்துல்லா முடித்து வைத்தார்.

சென்னையில் அந்த நேரம் உண்மையாகவே 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம் கிடைத்தது. அம்மா உணவகம் திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மீதிச் செலவு மாநகராட்சி கணக்கில் போனது. செலவை வைத்து வறுமையை அளக்கும் முறைக்கு இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மலிவாகக் கிடைப்பதால் ஒருவரின் செலவு குறைகிறது, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார், ஆய்வுத் தாளில் மட்டும் இன்னும் ஏழையாகத் தெரிகிறார். பல வருடம் கழித்து, 2022-23 ஆய்வில்தான் இலவசமாக வந்த பொருட்களுக்கு மதிப்புப் போட்டு இன்னொரு கணக்கையும் சேர்த்து வெளியிட்டார்கள். கிராமத்தில் அது மாதச் செலவை 3,773-லிருந்து 3,860 ஆக்கியது.

ரங்கராஜன் குழு 2014 ஜூன் கடைசியில் அறிக்கை கொடுத்தது. கலோரி திரும்ப வந்தது, கூடவே புரதமும் கொழுப்பும். கிராமத்துக்கு மாதம் 972, நகரத்துக்கு 1,407. நாளைக்கு 32, 47. மூன்று வருடம் ஊரே சிரித்த 32 இப்போது கிராமத்துக்கு உயர்த்திய கோடாக வந்து நின்றது. அதன்படி 2011-12-ல் வறுமை 29.5 சதவீதம், 36.3 கோடிப் பேர். டெண்டுல்கர் கணக்கைவிட ஒன்பது கோடிக்கு மேல் அதிகம். அதற்குள் டெல்லியில் ஆட்சி மாறியிருந்தது. புது அரசு அந்த அறிக்கையை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. திட்டக்குழுவே கலைந்து 2015 ஜனவரியில் நிதி ஆயோக் வந்தது. அரவிந்த் பனகாரியா தலைமையில் அமைத்த பணிக்குழு கோட்டைப் பற்றி ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல், இதற்கு இன்னொரு நிபுணர் குழு போடலாம் என்று எழுதி வைத்தது.

எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் பாடம் ஒன்றுதான் போல. கோடு போட்டால் 32 என்று கேலி செய்வார்கள், உயர்த்திப் போட்டால் உன் ஆட்சியில் ஏழை கூடிவிட்டான் என்பார்கள், போடாமல் இருந்தால் யாருக்கும் கேள்வி கேட்கவே இடமில்லை. நாம் அன்று அடித்த கிண்டலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு மோசமான கோடாக இருந்தாலும், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்து அரசைப் பிடித்து நிறுத்த அது ஒரு கைப்பிடி.

2017-18 நுகர்வுச் செலவு ஆய்வுக்கு நடந்தது இன்னும் மோசம். கிராமங்களில் செலவு குறைந்திருப்பதாகத் தகவல் கசிந்து பத்திரிகையில் வந்தது. 2019 நவம்பரில் தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு அந்த ஆய்வையே வெளியிடாமல் விட்டுவிட்டது. ஆக 2011-12-க்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் கோடும் இல்லை, கோட்டில் வைத்துப் பார்க்கத் தரவும் இல்லை.

அந்த இடத்துக்குத்தான் பல்பரிமாண வறுமைக் குறியீடு வந்தது. ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பள்ளிப்படிப்பு, சமையல் எரிவாயு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வங்கிக் கணக்கு என்று மொத்தம் 12 அளவுகள். தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து எடுக்கிறார்கள். 2015-16-ல் 24.85 சதவீதமாக இருந்தது 2019-21-ல் 14.96 ஆனது, தமிழ்நாட்டில் 2.20. இது வெற்று அளவு கிடையாது. வீட்டில் கரண்ட் இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதெல்லாம் 32 ரூபாயில் தெரியாத விஷயங்கள், அவற்றில் நிஜமான முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் கழிப்பறை கட்டியாயிற்று, ஜன்தன் கணக்கு திறந்தாயிற்று என்பதை இந்தக் குறியீடு பார்க்கும். கணக்கில் காசு இருக்கிறதா, மாசக் கடைசியில் பருப்பு வாங்க முடிகிறதா என்று பார்க்காது. கட்டிய கழிப்பறை திரும்ப இல்லாமல் போகாது, அதனால் இந்த எண் பெரும்பாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 2020 ஊரடங்கில் வேலை போய் ஊருக்கு நடந்தவர் அந்த மாதம் இந்தக் கணக்கில் புதிதாக ஏழையாகியிருக்க மாட்டார்.

2024 ஜனவரியில், ஒன்பது ஆண்டில் 24.82 கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று நிதி ஆயோக் ஒரு கட்டுரை வெளியிட்டது: 2013-14-ல் 29.17 சதவீதம், 2022-23-ல் 11.28 சதவீதம். அந்த இரண்டு ஆண்டிலுமே குடும்ப நல ஆய்வு நடக்கவில்லை. நடந்த ஆய்வுகளுக்கு இடையிலான வேகத்தை வைத்து, முதல் எண்ணை இடையில் நிரப்பினார்கள், இரண்டாவதை முன்னால் நீட்டிப் போட்டார்கள். இதற்கு 32-க்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட வரவில்லை. 32-ஐ டீ, பஜ்ஜி விலையோடு ஒப்பிடலாம், 11.28-ஐ எதோடு ஒப்பிடுவது?

நுகர்வுச் செலவு ஆய்வு 2022-23-ல் திரும்ப நடந்து 2024-ல் வெளியானது. அதை வைத்து உலக வங்கி தன் நாளுக்கு 3 டாலர் கோட்டில் இந்தியாவின் வறுமை 27.1-லிருந்து 5.3 சதவீதமாக இறங்கிவிட்டது என்றது. வறுமை நன்றாகவே குறைந்திருக்கிறது என்பதை நானும் நம்புகிறேன். எவ்வளவு என்பதில்தான் தயக்கம். புது ஆய்வில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காமல் மூன்று தடவையாகப் போய்க் கேட்டார்கள், காய்கறி, மீன், எண்ணெய் போன்றவற்றுக்கு 7 நாள் கணக்கு. இப்படிக் கேட்டால் மறந்துபோன செலவெல்லாம் ஞாபகத்துக்கு வரும், மொத்தம் கூடும். செலவு கூடினால் அதே கோட்டில் ஏழை குறைவார். முறை நல்ல முறைதான், பழையதோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது, அவ்வளவே. 1999-2000-க்கு இன்னொரு பதிப்பு.

ரேஷன் பக்கம் என்ன ஆனது? 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் வரை, மொத்தம் 81.35 கோடிப் பேருக்கு மலிவுத் தானியம். வறுமைக்கோடு சட்டத்தில் இல்லை, அது பெரிய விஷயம். ஆனால் எந்த மாநிலத்துக்கு எத்தனை பேர் என்ற உச்சவரம்பை 2011-12 செலவு ஆய்வை வைத்துப் போட்டுக் கொடுத்தது யார் என்றால், அதே திட்டக்குழு. உச்சவரம்பு 36-லிருந்து 67 சதவீதத்துக்கு நகர்ந்தது, உச்சவரம்பு என்பது போகவில்லை. தமிழ்நாடு 2016 நவம்பரில்தான் இதில் சேர்ந்தது, சேர்ந்த பிறகும் எல்லோருக்கும் ரேஷன் என்பதைக் கைவிடாமல் கூடுதல் செலவைத் தன் கையிலிருந்து போட்டுக்கொள்கிறது.

81.35 கோடி என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. மக்கள்தொகை ஏறியது, எண் ஏறவில்லை, அதனால் 10 கோடிக்கு மேற்பட்டோர் வெளியே நிற்கிறார்கள் என்று ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் 2020-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள், பின்னால் பிறந்த குழந்தைகள் எல்லாம் இதில் வருவார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். எண்ணி முடித்து, அதை வைத்து மாநில ஒதுக்கீட்டைத் திருத்தும்வரை ரேஷனுக்கு இந்தியாவின் மக்கள்தொகை 2011-ல் இருந்ததுதான்.